உறை பிரிந்த பிறகு: பண்டிகைப் பரிசுகள் பற்றிய வாசகர் கேள்விகள்

பண்டிகைக் காலம் நெருங்கும்போது இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், யாருக்கு என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது, கடைக்காரர் சொல்லும் தள்ளுபடியை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களை ஒன்றாகச் சுருக்கியிருக்கிறோம். சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, எழுதியவர்களின் பெயரும் ஊரும் எல்லாக் கடிதங்களிலும் தவிர்க்கப்பட்டுள்ளன. பரிசு கொடுத்தவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானதுதான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பண்டிகைக்கும் கடை கடையாக ஏறி இறங்கிப் பரிசு வாங்குகிறேன். போன மாதம் மகள் வீட்டு அலமாரியைத் திறந்தபோது, மூன்று ஆண்டுகளாக நான் கொடுத்தவை பிரிக்கப்படாமலே அடுக்கியிருந்தன. இனிப் பணமாகவே கொடுத்துவிடலாமா? அது அன்பில்லாத செயலாகத் தோன்றாதா?

பதில்: அம்மா, நீங்கள் திறந்து பார்த்த அலமாரியைப் பற்றிப் பொருளியலில் ஓர் ஆய்வே உண்டு. 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உங்களுக்கு வந்த பரிசின் விலை எவ்வளவு இருக்கும் என்பது முதல் கேள்வி. கொடுத்தவர் மீதுள்ள பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பொருளுக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்பது இரண்டாவது. இரண்டு விடைகளுக்கும் இடையில், விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காணாமல் போயிருந்தது. நண்பர்களும் காதலர்களும் வாங்கிய பரிசில் இந்த இழப்பு குறைவாகவும், அத்தை, மாமா, தாத்தா, பாட்டி போன்றோர் வாங்கியதில் அதிகமாகவும் இருந்தது. அன்பில் குறைவில்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளை எதில் ஈடுபாடு கொண்டிருக்கிறது என்ற செய்திதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வேறு இரு ஆய்வாளர்கள் 1996-இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டு, பெற்றவர்கள் தம் பரிசுகளை விலையைவிட அதிகமாகவே மதித்தார்கள் என்று நேர்மாறான விடையைப் பெற்றதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே முந்தைய எண்களைக் கல்லில் எழுத்தாகக் கொள்ள வேண்டியதில்லை.

என்றாலும் உங்கள் அலமாரி பொய் சொல்லாது. பரிசு பற்றிய ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்த மூவர் கூறிய ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. கொடுப்பவரின் கண், உறை பிரியும் அந்த ஒரு கணத்தின் மீது இருக்கிறது. பெறுபவருக்கோ, அதன் பிறகு அந்தப் பொருளோடு கழிக்கப்போகும் மாதங்களே முக்கியம். கடையில் நின்றுகொண்டு, “இதைப் பார்த்ததும் குழந்தை எப்படித் துள்ளும்!” என்று நினைக்கும் நேரத்தில், “அடுத்த மாதம் இதை வைத்து என்ன செய்யும்?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதிப் பொருள்களைத் திரும்ப வைத்துவிடுவீர்கள்.

வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குப் பணம் தரலாம். ஆனால் அதற்கு ஒரு பெயர் வைத்துத் தாருங்கள். ரிச்சர்ட் தேலர் (2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்) சுட்டிக்காட்டியபடி, மனிதர்கள் தம் மனத்துக்குள் பணத்தைத் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமக்குத் தாமே வாங்கிக்கொள்ள மனம் ஒப்பாத சிறு ஆடம்பரம் பரிசாக வரும்போது அதற்குத் தனி இனிமை உண்டு. வெறும் பணம் மாதச் செலவில் கரைந்து போகும். “உன் ஓவியப் பெட்டிக்காகப் பாட்டி தருவது” என்று கைப்பட எழுதிய சீட்டோடு வரும் பணம் அப்படிக் கரைவதில்லை. சிறு குழந்தைகளுக்கு மட்டும் பொருளாகவே வாங்குங்கள். அதற்குமுன் மகளிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிவிடுவது, கடை கடையாக அலைவதைவிட முழங்காலுக்கும் நல்லது.

கேள்வி: என்ன வேண்டும் என்று கேட்டே வாங்கித் தருவது என் வழக்கம். “உனக்குக் கற்பனையே கிடையாது” என்கிறாள் என் தங்கை. கேட்டு வாங்குவது பரிசின் சுவையைக் கெடுத்துவிடுமா?

பதில்: கெடுக்காது. விருப்பப் பட்டியல் ஒன்றை எழுதித் தரும் வழக்கமுள்ள இடங்களில் செய்த ஆய்வு ஒன்றில் வியப்பான செய்தி வெளிப்பட்டது. பட்டியலை ஒதுக்கிவிட்டு வேறு ஏதாவது வாங்கியவர்கள் பெரும்பாலும் தூரத்து அறிமுகக்காரர்கள் அல்லர், நெருங்கிய நண்பர்களே. “எனக்கு இவளை எவ்வளவு தெரியும் தெரியுமா?” என்று காட்டிக்கொள்ளும் ஆவலில், அவளே கேட்டதை விட்டுவிட்டார்கள். உங்கள் தங்கையின் கட்சி இதுதான். திடீர் மகிழ்ச்சியும் வேண்டுமென்றால் ஒரு பொருளைக் கேட்காமல் மூன்றைக் கேளுங்கள். மூன்றில் எது வரும் என்பது உறை பிரியும்வரை தெரியாது. கேட்க நேரமோ நெருக்கமோ இல்லாதபோது, அவர் இப்போது அன்றாடம் பயன்படுத்தும் எது தேய்ந்து போயிருக்கிறது, எது போதாமல் இருக்கிறது என்று கவனித்தாலே போதும்.

கேள்வி: என்னிடம் ஒதுக்கீடு குறைவு. இருக்கும் தொகைக்குள் பார்ப்பவர் மதிக்கும்படி எதையாவது கொடுக்க முடியுமா? ஒரு பெரிய பொருளின் சாதாரண வகையை வாங்குவதா, சிறு பொருளின் உயர்ந்த வகையை வாங்குவதா என்பதே என் குழப்பம்.

பதில்: சிறு பொருளின் உயர்ந்த வகையை வாங்குங்கள். இதைத் தயக்கமின்றிச் சொல்வதற்குக் காரணம், 1998-இல் கிறிஸ்டோபர் ஷீ என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழுவிடம், நண்பர் ஒருவர் கம்பளிக் கழுத்துக்குட்டை பரிசளித்ததாகவும், அது அந்தக் கடையின் கழுத்துக்குட்டைகளிலேயே விலை உயர்ந்தவற்றில் ஒன்று என்றும் சொல்லப்பட்டது. மற்றொரு குழுவிடம், நண்பர் கம்பளிக் கோட்டு பரிசளித்ததாகவும், அது கோட்டுகளிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று என்றும் சொல்லப்பட்டது. கோட்டின் விலைதான் கூடுதல். ஆயினும் கழுத்துக்குட்டை கொடுத்தவரையே தாராள மனம் படைத்தவர் என்று மதிப்பிட்டார்கள். தனியாக வரும் ஒரு பொருளை மனம் அதன் இனத்தோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுகிறது. அதே ஆய்வில் பாத்திரத் தொகுதிகளும் இருந்தன. பழுதில்லாத 24 உருப்படிகள் கொண்ட தொகுதிக்கு ஒரு விலையும், அந்த 24-உம் மேலும் நல்ல உருப்படிகள் 7-உம், உடைந்தவை 9-உமாக 40 கொண்ட தொகுதிக்கு அதைவிடக் குறைந்த விலையும் தர முன்வந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது மட்டுமே பெரிய தொகுதியின் மதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பரிசு பெறுபவர் முன்னால் அப்படி யாரும் இரண்டை வைத்துக் காட்டுவதில்லை.

இதிலிருந்து இன்னொரு எச்சரிக்கையும் பிறக்கிறது. நல்ல பொருளை வாங்கிய பிறகு, “இது மட்டும் போதுமா?” என்ற சந்தேகத்தில் இரண்டு சில்லறைச் சாமான்களையும் உடன் வைத்துக் கட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். பெறுபவருக்கு அது கூடுதலாகத் தோன்றாமல் சராசரியாகத் தோன்றுகிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பாடல் கேட்கும் சிறு கருவி ஒன்றை உறையோடு மட்டும் காட்டியபோது தருவதாகச் சொன்ன விலையைவிட, அதனுடன் இலவசப் பாடல் ஒன்றையும் சேர்த்தபோது மக்கள் குறைவாகவே தருவதாகச் சொன்னார்கள். உயர்ந்த பேனா ஒன்றை வாங்கினால் அதை மட்டும் கொடுங்கள். சாவிக்கொத்தைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: “50 சதவீதத் தள்ளுபடி, அதற்குமேல் 20 சதவீதம்”, “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்”, “பாதி அளவு கூடுதல்” என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. எதில் உண்மையான ஆதாயம்? வெட்டிப்போட்ட பழைய விலை நிஜமானதுதானா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 100 என்ற விலையில் 50 சதவீதம் போனால் 50. அந்த 50-இல் 20 சதவீதம் போனால் 40. ஆக மொத்தத் தள்ளுபடி 60 சதவீதமே ஒழிய, மனம் அவசரமாகக் கூட்டிக்கொள்ளும் 70 அன்று. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றுமே தேவைப்பட்டால் 33 சதவீதத் தள்ளுபடி. இரண்டு போதுமென்றால் தள்ளுபடியே இல்லை. அடுக்கில் இடம்தான் குறையும். “இரண்டாவது பாதி விலைக்கு” என்பது இரண்டுக்கும் சேர்த்து வெறும் 25 சதவீதம். அதே விலைக்குப் பாதி அளவு கூடுதலாகத் தருவதும், அதே அளவுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதும் ஓரலகு விலையில் ஒன்றேதான். ஆனால் 2012-இல் கைகளுக்குப் பூசும் களிம்பை இவ்விரு விதமாகவும் விற்றுப் பார்த்த ஆய்வாளர்கள், சமமான விலைக்குறைப்பைக் காட்டிலும் “கூடுதல் அளவு” என்றபோது 73 சதவீதம் அதிகமாக விற்பனையானதைக் கண்டார்கள். சதவீதம் எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. பெரிய எண்ணைப் பார்க்கிறோம். கைப்பேசியில் கணிப்பான் இருக்கிறது. மொத்த விலையை அளவால் வகுத்துப் பார்க்கும் அரை நிமிடத்தில் எல்லா விளம்பரங்களும் ஒரே மொழியில் பேசத் தொடங்கிவிடும்.

வெட்டிப்போட்ட விலையைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். அந்தக் கோடிட்ட எண் செய்யும் வேலையை 1974-இல் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் அழகாகக் காட்டினார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25. 65-இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அப்படியிருக்க, பொருளோடு ஒட்டியே நிற்கும் ஒரு பழைய விலை நம்மை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆபத்தை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம், 2022 மே 28 முதல், தள்ளுபடி அறிவிக்கும் விற்பனையாளர் முந்தைய விலையாகக் குறைந்தது 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே காட்ட வேண்டும் என்று விதித்தது. பண்டிகைக்கு முந்தின வாரம் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு “குறைக்கும்” தந்திரத்துக்கு அங்கே அதனால் கடிவாளம் விழுந்தது. மற்ற இடங்களில் அந்தக் கடிவாளத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்: வாங்கப்போகும் நான்கைந்து முக்கியப் பொருள்களின் விலையைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். அந்தத் தாளுக்கு முன்னால் எந்தச் சிவப்பு எழுத்தும் நிற்காது.

கேள்வி: வட்டியில்லாத் தவணை என்று கொடுக்கிறார்கள். வட்டியே இல்லையென்றால் அதை வேண்டாமென்பது முட்டாள்தனம் அல்லவா?

பதில்: வட்டி உண்மையிலேயே இல்லையென்றால் முட்டாள்தனம்தான். ஆகவே கடையில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் என்ன விலை?” அதே விலை என்றால், வேறு கட்டணமும் இல்லையென்றால், தாராளமாகத் தவணையில் வாங்கலாம். 6 சதவீதம் குறைத்துத் தருவோம் என்றால், நீங்கள் இழக்கும் அந்த 6 சதவீதத்துக்குப் பெயர்தான் வட்டி. அது வெறும் 6 சதவீத வட்டியும் அன்று. 12 மாதத் தவணையில் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக ஏறத்தாழ பாதித் தொகையைத்தான் நீங்கள் கடனாக வைத்திருக்கிறீர்கள். ஆகவே கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 11 சதவீதத்துக்கும் மேல் வரும்.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை மூடிய ஏலத்தில் விட்டார்கள். கடன் அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டியவர்களைவிடச் சில இடங்களில் ஏறத்தாழ இருமடங்கு வரை கேட்டார்கள். பணம் கையை விட்டுப் போகும் வலி தள்ளிப்போகும்போது கை நீள்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். தவணை செய்யும் முதல் வேலை அந்த அளவுபடியை ஒளித்து வைப்பதுதான். பொருளைத் தேர்ந்தெடுத்து, விலையையும் முடிவு செய்த பிறகு தவணையைப் பற்றிப் பேசுங்கள். தவணையில் தொடங்கிப் பொருளுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பரிசு அட்டை கொடுப்பது நல்லதா?

பதில்: பெறுபவர் அடிக்கடி போகும் கடையின் அட்டை என்றால் நல்லது. இல்லையென்றால், ஒரே கடையில் மட்டும் செல்லும் பணத்தைக் கொடுக்கிறோம் என்று பொருள். காலாவதித் தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட சட்டம், அட்டையிலுள்ள தொகை குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கடை மூடப்பட்டால் அட்டை வைத்திருப்பவர், கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க நேரலாம் என்பதால், கிடைத்த அட்டையைப் பத்திரப்படுத்தாமல் விரைவில் செலவழிப்பதே விவேகம்.

கேள்வி: பரிசைக் கட்டும் தாளுக்கும் நாடாவுக்கும் செலவழிப்பது வீணா? எனக்கு அழகாகக் கட்டவும் வராது.

பதில்: கவலை வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே குவளையைச் சிலருக்கு நேர்த்தியாகவும் சிலருக்கு அலங்கோலமாகவும் கட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அலங்கோலமாகக் கட்டியதைப் பெற்றவர்களுக்கே உள்ளிருந்த பொருள் கூடுதலாகப் பிடித்திருந்தது. நேர்த்தியான உறை எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் பொருளால் அந்த உயரத்துக்கு எட்ட முடிவதில்லை. ஆனால் அதிகம் பழகாதவரிடமிருந்து வரும் பரிசுக்கு நேர்த்தியான உறையே உதவியது. ஆகவே மேலதிகாரிக்குக் கொடுப்பதை மட்டும் கை நயமுள்ள ஒருவரிடம் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பண்டிகையின்போது உறவினர்கள் கொண்டுவரும் பொம்மைகள் ஓர் அறையை நிறைத்துவிடுகின்றன. எதிலும் நிலையாக விளையாடுவதில்லை. நாங்களும் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம், இருப்பதை ஒளித்து வையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் மற்றொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டு, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொம்மைகள் குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம் இருந்தார்கள். ஒரே பொம்மையைப் பல விதமாக வைத்து விளையாடினார்கள். வந்தவற்றில் நான்கைந்தை வெளியே வைத்து, மற்றவற்றை மேலடுக்கில் ஏற்றிவிட்டு, மாதமொரு முறை மாற்றினால் ஓராண்டுக்குப் புதுப் பொம்மை வந்துகொண்டே இருக்கும், செலவில்லாமல்.

மேலடுக்கில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஏற்றதன்று என்ற குறி இருந்தால், அது குழந்தையின் அறிவுக்குப் போட்ட மதிப்பெண் அன்று; உதிர்ந்தால் தொண்டையில் சிக்கக்கூடிய பாகம் உள்ளே இருக்கிறது என்ற எச்சரிக்கை. பொத்தான் வடிவ மின்கலம் போட்ட பொம்மையில் அதன் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கப்பட்ட பொத்தான் மின்கலம் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் உறவினர் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம்.

கேள்வி: வந்த பரிசை இன்னொருவருக்குக் கொடுப்பது தவறா?

பதில்: தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், அதை இன்னொரு தொழுவத்தில் கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. 2012-இல் வெளியான ஆய்வொன்று, கைமாற்றிவிடுகிறவர்கள் நினைக்கும் அளவுக்கு முதலில் கொடுத்தவர்கள் புண்படுவதில்லை என்று கண்டது. கொடுத்தாகிவிட்டது, இனி அது அவர் பொருள் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். பெறுபவருக்கு உண்மையிலேயே பயன்படுமானால் கொடுங்கள். ஆனால் பெட்டியை முழுவதும் பிரித்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை வந்த சுவர்க் கடிகாரத்தின் உள்ளே, வேறொரு தம்பதிக்கு மணநாள் வாழ்த்துச் சொல்லும் அட்டை இருந்தது. கடிகாரம் இன்றும் சரியாக ஓடுகிறது. கொடுத்தவரைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

கேள்வி: எங்கள் கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்கள் 12 பேர். ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் பரிசு வாங்கும் பழக்கம் எப்படியோ தொடங்கிவிட்டது. யாருக்கும் நிறுத்தத் துணிவில்லை. வழி உண்டா?

பதில்: 12 பேர் ஒவ்வொருவரும் மற்ற 11 பேருக்கு வாங்கினால் 132 பரிசுகள். இந்த எண்ணை அடுத்த முறை எல்லாரும் கூடியிருக்கும்போது உரக்கச் சொல்லுங்கள். நிறுத்தும் துணிவு தானே பிறக்கும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கொரு சீட்டை எடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் வாங்குவதென்று வைத்துக்கொண்டால் 132 என்பது 12 ஆகிவிடும். முன்பு 11 பேருக்காகப் பிரிந்துகொண்டிருந்த தொகையில் நான்கில் ஒரு பங்கைச் செலவழித்தாலே அந்த ஒருவருக்கு நல்ல பொருளாகக் கிடைக்கும். யோசிக்கவும் நேரம் கிடைக்கும். உச்சவரம்பைச் சீட்டெடுப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், பிறகு பேசினால் அது ஆளைப் பார்த்துப் பேசியதாகிவிடும்.

ஒரு சிறு தகவல்: யாருக்கும் தம் பெயரே வராமல் குலுக்கல் முதல் முறையிலேயே அமைவதற்கான வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். 12 பேர் என்றாலும் 120 பேர் என்றாலும் இந்த எண் ஏறக்குறைய மாறாது. ஆகவே இரண்டு மூன்று முறை குலுக்க நேர்ந்தால் சகுனம் சரியில்லை என்று யாரும் எழுந்து போக வேண்டாம்.

கேள்வி: விலை அதிகமான பொருள் நீடித்து உழைக்கும் என்பது எவ்வளவு உண்மை? பரிசுப் பொருளுக்குக் கூடுதல் உத்தரவாதம் வாங்க வேண்டுமா?

பதில்: விலையைப் பார்க்காதீர்கள், விலையைப் பயன்பாட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நாள்தோறும் அணியும் செருப்பு, ஆண்டில் 300 நாள் காலில் இருக்கும். விலை இருமடங்கானாலும் மூன்று மடங்கு காலம் உழைத்தால் அதுவே மலிவு. ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் துளைக் கருவிக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே மலிவானதே போதும், பக்கத்து வீட்டில் இரவல் கிடைத்தால் அதைவிட நன்று. தொடர்ந்து செலவு வைக்கும் பொருளில் மட்டும் முன்விலை ஏமாற்றும். மலிவான அச்சுப்பொறிக்கு மைக்குப்பி எவ்வளவு, அது எத்தனை பக்கத்துக்கு வரும் என்று கேட்காமல் வாங்கிக் கொடுத்தால், பெறுபவருக்கு நாம் கொடுப்பது ஒரு மாதாந்திரச் செலவு.

கூடுதல் உத்தரவாதம் என்பது ஒரு காப்பீடு. இழந்தால் தாங்க முடியாததைத்தான் காப்பீடு செய்ய வேண்டும். பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளக்கூடிய சிறு கருவிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அதைவிடக் கவனிக்க வேண்டியது தேதி. மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்தால், உறை பிரியும் நாளன்று திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிந்திருக்கும். பெரும்பாலான உற்பத்தியாளர் உத்தரவாதமும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. முன்கூட்டி வாங்குகிறீர்கள் என்றால், பண்டிகைக்குப் பின் மாற்றித் தருவார்களா என்பதைக் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை தெரியாதபடி அச்சிட்ட பரிசு ரசீது சில கடைகளில் கிடைக்கும். அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அளவு பொருந்தாத சட்டை அலமாரிக்குப் போகாமல் கடைக்குப் போகும்.

கேள்வி: இந்த ஆண்டு எனக்கு வேலை போய்விட்டது. உறவினர்களும் நண்பர்களும் வழக்கம்போல ஏதாவது கொண்டு வருவார்கள். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கடன் வாங்கியாவது சமாளித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: வேண்டாம், ஐயா. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசு கொடுத்தவர்கள் விலை கூடினால் மதிப்பும் கூடும் என்று நம்பினார்கள்; பெற்றவர்களின் மகிழ்ச்சியிலோ விலைக்கும் அதற்கும் தொடர்பே தென்படவில்லை. நிச்சயதார்த்த மோதிரம் போன்ற பொருளில்கூட இதுவே நிலை. நீங்கள் கடன் வாங்கிச் சேர்க்கப்போகும் அந்தக் கூடுதல் தொகை யார் கண்ணிலும் படப்போவதில்லை. வட்டி மட்டும் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கே, அவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே, இந்த ஆண்டு பரிசுப் பரிமாற்றத்தில் கலந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் இப்படிச் சொன்னதும், தாமும் அதையே சொல்ல நினைத்திருந்ததாக இரண்டொருவர் முன்வந்தால் நான் வியப்படைய மாட்டேன். பிறகும் எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், உங்களுக்குத் தெரிந்த வேலையை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டுக் கொடுங்கள். மிதிவண்டியைப் பழுதுபார்த்துத் தருவது, அவர்கள் பிள்ளைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லித் தருவது, வயதானவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருவது என எதுவாகவும் இருக்கலாம். “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்று எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்துவிடுங்கள்.